வலது கால் விசாரணை

ஊரிகம் மோட்டார் ஷெட்டில் மூன்று பஸ்கள் இருந்தன. ஒன்று கிளம்பாது. இன்னொன்று கிளம்பும், ஆனால் நிற்காது. அதனால் அதை யாரும் கிளப்புவதில்லை. மூன்றாவது கிளம்பவும் செய்யும், நிற்கவும் செய்யும் என்பதால் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பிலும் பாலகாட்டிலும் இருக்கிற அத்தனை ஆட்களையும் சுரங்க ஷிப்டுக்கு அள்ளிக்கொண்டு போகிற பாரம் அதன் தலையில் விழுந்திருந்தது. உழைக்கிற மாட்டுக்குத்தான் இரட்டைச் சுமை என்கிற நியாயம், துரைமார்கள் கப்பலேறி சர்க்கார் வந்த பிறகும் மாறவில்லை. அந்த வண்டியை ஓட்டியவர் சம்பங்கி.

சம்பங்கி சாது. வாய்ச்சண்டைக்குக்கூடப் போகமாட்டார். பஸ்ஸின் ஹாரனையே கூச்சத்தோடுதான் அடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரின் வண்டி திடீரென்று ஆட்டுக்கிடா போல் குதிக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் அப்போதும் ஒன்றும் நடக்காது. "இன்னாடா இது" என்று அவர் குனிந்து பார்க்கிற நேரத்தில் வண்டி ஒரே தாவாகத் தாவும். முன்சீட்டுக்காரர் பின்சீட்டுக்காரர் மடிக்கு வந்துவிடுவார். டிபன் கேரியர்கள் தாமாகவே கைமாறின. களி கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கு மீன்குழம்பு கிடைத்ததும் உண்டு. அவன் மட்டும் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கோளாறு என்ன என்பது மெக்கானிக் சிரிலுக்குத் தெரியும். சம்பங்கிக்குத் தெரியும். ஷெட்டைப் பெருக்குகிற சின்னம்மாவுக்கும் தெரியும். மிதியிலிருந்து ஒரு கம்பி போய் கார்புரேட்டரில் இருக்கிற சின்னக் கதவைத் திறக்கும். கம்பியும் கதவும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் நுனியளவு பித்தளைப் புஷ் ஒன்று உண்டு. அது தேய்ந்துவிட்டால் கால் சொல்வது கதவுக்குக் கேட்காது. புதிதாக ஒரு புஷ் கடைந்து போட்டால் தீர்ந்தது. ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரத்து வேலை.

லேத் மெஷின் மட்டும் பக்கத்துக் காம்பவுண்டில் இருந்தது. நடுவில் செக்யூரிட்டி கேட்.

இந்த ஊரில் கேட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். மண்ணுக்குக் கீழே தங்கம் இருக்கிற ஊர். மேலே வருகிறவன் கீழேயிருந்து எதையாவது கொண்டுவந்துவிடுவானோ என்று தலைமுடி, வாய், செருப்பு, வேட்டி மடிப்பு எல்லாவற்றையும் துழாவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பிடிபட்டவன் அபூர்வம். பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கோ பஞ்சமில்லை. அவர்களுக்குத் தலைவர் சுபேதார் முத்தண்ணா. பட்டாளத்தில் இருந்தபோது எதிரியை ஒருமுறைகூட நேரில் பார்க்க வாய்க்காத மனிதர். அந்தக் குறையை கேட்டில் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் சிரிலின் பையில் கைவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த புஷ்ஷை எடுத்தார்.

"இன்னாய்யா இது?"

"புஷ் சார். தேஞ்சு பூட்ச்சி. அளவு காட்டி லேத்துல புச்சா ஒண்ணு கடைஞ்சிக்கினு வர்றேன்."

"மஞ்சளா கீதே?"

"பித்தளை மஞ்சளாத்தான் சார் இருக்கும்."

"தங்கம்?"

"அதுவும் மஞ்சளாத்தான் இருக்கும்."

"பாத்தியா, நீயே ஒத்துக்கினே" என்றார் முத்தண்ணா. புஷ் பறிமுதலானது. சிரில் ஜாக்கிரதையாகச் சிரிக்காமல் இருந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அதன்பின் புஷ் ஒரு சின்ன டப்பாவில் போடப்பட்டு, டப்பா ஒரு பெட்டியில் போடப்பட்டு, பெட்டிக்கு ஒரு காவலாளும் போடப்பட்டார். அது தங்கம் இல்லை என்று அசே ஆபீஸ் சொன்னால் திருப்பித் தரலாம் என்றார்கள். கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் அசே ஆபீசின் வேலை. அங்கே இருந்தவர் நியாயமான மனிதர். "எவ்வளவு இருக்குதுன்னு சொல்றதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். இல்லைங்கறது ஒரு அளவா? கொஞ்சமாவது இருந்தா கொண்டாங்க, பார்த்துச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டார்.

சரி, ஸ்டோரில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், பழையதைக் கொடுத்தால்தான் புதியது. கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கி வரலாம் என்றால், மஞ்சள் பொருள் உள்ளே போவதற்கும் தடை. உள்ளே போனதேதான் வெளியே வருகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? சிரில் புளியங்கட்டையில் செதுக்கிப் போட்டார், அரை நாள் வந்தது. தோலில் வெட்டிப் போட்டார், பாலகாட் மேடு வரை வந்தது. கடைசியில் கம்பிச்சுருள் சுற்றி, "சம்பங்கி, சாமியக் கும்பிட்டுக்கினு ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டார்.

சாமி கைவிட்டது பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள் காலையில். விபத்தில்லாமல் வேலை செய்யுங்கள் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிற வாரம் அது. சாலைக்குக் குறுக்கே மூங்கில் வளைவு கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, 'நிதானமே உயிர் காக்கும்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே மோட்டார் இலாகாவின் தலைவர் நரசிங்க ராவ், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைத் தூக்கினார். தள்ளி நின்றிருந்த பஸ்ஸில் சம்பங்கி மெல்ல மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

ரிப்பனை பஸ்ஸே வெட்டிக்கொண்டு போனது. வளைவும் கூடவே போனது. நரசிங்க ராவ் பக்கத்துச் சாக்கடையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் காயமில்லை. நிதானமே உயிர் காக்கும் என்கிற துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு வண்டி ஸ்கெலட்டன் லைன் வரைக்கும் போய்த்தான் நின்றது.

வளைவு விழுந்துவிட்டதால் பாதுகாப்பு வாரம் தொடங்கவே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கோளாறு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது முறைப்படி தொடங்கும். கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் நரசிங்க ராவ். உறுப்பினர்கள் இரண்டு பேர். அவர் தலையாட்டினால் ஆட்டுவதற்கு.

நரசிங்க ராவ் அதற்குமுன் வைண்டிங் எஞ்சின் இலாகாவில் இருந்தவர். ஆட்களைக் கூண்டில் ஏற்றிச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறக்குகிற ராட்சத எஞ்சின்கள் அங்கே. மோட்டார் வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். அது பொய். பின்சீட்டில் உட்காருவது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நோடப்பா சம்பங்கி" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். "பயப்படாம சொல்லு. வண்டி ஏன் குதிச்சுது?"

"புஷ் இல்லீங்க சார். கார்புரேட்டர்ல..."

"ஷ்ஷ்!" கமிட்டி முழுவதும் எழுந்துவிட்டது. ஒரு உறுப்பினர் போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அந்த வார்த்தையச் சொல்லக்கூடாது. அது செக்யூரிட்டி விசாரணையில இருக்கற பொருள். அவங்க விசாரணையில இருக்கறதப் பத்தி நம்ம இலாகா பேசினா, அது தலையீடு. அப்படி ஒரு பொருளே இல்லேன்னு வெச்சுக்கோ."

"அது இல்லாததனாலதான் சார் வண்டி குதிக்குது."

"அதையும் சொல்லக்கூடாது."

"அப்ப பானெட்டத் தொறந்து நீங்களே பாத்துடுங்க சார்."

நரசிங்க ராவுக்கு முகம் கறுத்தது. நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு பேசினார். "பானெட்டத் தொறந்தா யார் வேணாலும் கண்டுபிடிச்சுடுவான். அதுக்கு எதுக்கு ஒரு கமிட்டி? நாம விஞ்ஞான ரீதியா போகணும். ஆக்சிலேட்டர் எந்த நிலையில இருக்குன்னு இந்த வண்டியில யாருக்குத் தெரியும்? எஞ்சினுக்குத் தெரியுமா? தெரியாது. சீட்டுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியுமா? சத்தியமா தெரியாது. உன் வலது காலுக்கு மட்டும்தான் தெரியும். அப்ப கோளாறு எங்கே இருக்கு?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சம்பங்கி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பல வருஷமாகக் கூடவே இருக்கிற கால். அதன்மேல் இப்படி ஒரு பழி வரும் என்று அவர் நினைத்ததில்லை.

கால் கெட்டுவிட்டது என்று கமிட்டி தீர்மானித்தால் சம்பங்கி 'அன்ஃபிட்'. அன்ஃபிட் ஆனவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லைன் வீடு இல்லை. கங்கம்மாவும் அவரும் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற வீடு அது. கூரைத் தகடும் தட்டிச்சுவரும் கம்பெனியுடையவைதான் என்றாலும், வாசலில் கங்கம்மா நட்ட முருங்கைமரம் அவர்களுடையது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் களியைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, களி எறங்கலியா?" என்றாள் கங்கம்மா.

"என் காலு சரியில்லயாம்."

"எந்தக் காலு?"

"வலது."

கங்கம்மா காலைப் பிடித்து இழுத்து, திருப்பிப் பார்த்து, பெருவிரலை நெட்டி முறித்தாள். "நல்லாத்தானே கீது. அவனுங்க தலை சரியில்லன்னு நீ சொல்லிட்டு வர்றதுதானே?"

"சொன்னா ஊடு பூடும் கங்கா."

கங்கம்மா வாசலுக்குத் திரும்பி முருங்கைமரத்தைப் பார்த்தாள்.

முதல் சோதனை ஆஸ்பத்திரியில் நடந்தது. டாக்டர் சம்பங்கியைப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். வலது கால் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றார். இடது கால் இடப்பக்கம் திரும்பியிருக்கிறதே என்று சம்பங்கி காட்டினார். "இடது கால் என்னிடம் அனுப்பப்படவில்லை" என்றார் டாக்டர். காலுக்குத் தனியாக ஒரு ஊசி போட்டார். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை நிறுத்துப் பார்க்காமல் தான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று முடித்துக்கொண்டார்.

நிறுத்துப் பார்க்கும் தராசு ரேஷன் டிப்போவில் இருந்தது. அரிசிக்கு நின்ற பெண்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு சம்பங்கியின் காலைத் தட்டில் வைத்தார்கள். ஒரு உறுப்பினர் "மெல்ல" என்றார், சம்பங்கி மெல்ல அழுத்தினார். "வேகம்" என்றார், வேகமாக அழுத்தினார். எடைபோடுகிற ஆள் பழக்கதோஷத்தில் இரண்டு தரமும் கொஞ்சம் குறைத்தே சொன்னான். கால் எடை குறைவாக மிதிக்கிறது என்பது ஊர்ஜிதமாயிற்று. "இத்த எந்தக் கார்டுல எழுதறது?" என்று மட்டும் அவன் கேட்டான். வரிசையில் நின்ற பாப்பம்மா, "காலப் போட்ட தட்டுலயா எங்களுக்கு அரிசி அளப்பே?" என்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு டிப்போவில் வியாபாரம் நடக்கவில்லை.

இரண்டாவது சோதனை நரசிங்க ராவின் சொந்த மூளையில் உதித்தது. வைண்டிங் எஞ்சினை ஓட்டுகிறவர் கூண்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கூண்டு பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பெரிய டயலில் ஒரு முள் காட்டும். ஓடுவதும் நிற்பதும் கீழேயிருந்து வருகிற மணியைக் கேட்டுத்தான். "பூமிக்குள்ள அத்தனை ஆழத்துக்கு முள்ளும் மணியும் போதும்னா, ரோட்டு மேல போறதுக்குப் போதாதா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

பழைய டயல் ஒன்றைத் தூக்கி வந்து சம்பங்கிக்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். அது வண்டிக்குள் வருவதற்காக இரண்டு சீட்டுகள் வெளியே போயின. மிதியிலிருந்து கயிறு கட்டி முள்ளோடு சேர்த்தார்கள். 'நில்', 'மெல்ல', 'சுமார்', 'வேகம்' என்று நான்கு கோடுகள். முள் எந்தக் கோட்டைத் தொட்டாலும் ஒரு தரம் அடிக்க, மணியோடு ஒரு ஆள். சம்பங்கி இனிமேல் ரோட்டைப் பார்க்க வேண்டாம், முள்ளைப் பார்த்தால் போதும் என்று உத்தரவாயிற்று. அந்த உத்தரவை அவர் அரைக்கண்ணால்தான் நிறைவேற்றினார்.

முள் 'வேகம்' காட்டியபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டி பறந்தபோது முள் 'மெல்ல' என்றது. "சார், முள்ளு தப்பாக் காட்டுது" என்றார் சம்பங்கி. "முள் சரியாத்தான் காட்டுது. வண்டிதான் தப்பா ஓடுது" என்றார் நரசிங்க ராவ்.

உண்மையான கூத்து மறுநாள் காலையில் நடந்தது. நைட் ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி வீட்டுக்குத் திரும்பியது. உடம்பெல்லாம் கல்தூசியோடு எல்லோரும் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாட்டுவண்டி முந்திக்கொண்டு போகிற வேகத்தில் பஸ் ஊர்ந்தது. முள் ஒரு கோட்டைத் தொட்டது. மணிக்காரர் ஒரு மணி அடித்தார்.

ஓடுகிற கூண்டில் ஒரு மணி என்றால் கூண்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். நின்றால் இறங்க வேண்டும். வருஷக்கணக்காக அந்த மணிக்குப் பழகிய உடம்புகள் அவை. மூளையைக் கேட்காமலே எழுந்தன. ஒருவர்பின் ஒருவராக, முண்டியடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்கள். இறங்கிய இடம் ஆபீசர்கள் கிளப்பின் ரோஜாத் தோட்டம். பாதித் தூக்கத்தில் அங்கேயே வரிசை கட்டி நின்று, பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவரும் எதற்கு வம்பு என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

வெறும் வண்டி ஸ்கெலட்டனுக்கு வந்தது. புருஷன்மாருக்காகக் காத்திருந்த பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "ஆம்பளைங்க எங்கய்யா?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா. சம்பங்கிக்கும் அப்போதுதான் தெரிந்தது. முள்ளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் பின்னால் திரும்பவே இல்லை.

"மணி பிரமாதமா வேலை செய்யுது" என்று கமிட்டி திருப்தி தெரிவித்தது. ஆகவே மிச்சம் இருப்பது கால் ஒன்றுதான். திங்கட்கிழமை கடைசிச் சோதனை. ஆபீசர்கள் எல்லோரும் வண்டியில் ஏறுவார்கள். புதிதாகக் கட்டிய வளைவுக்குக் கீழே வண்டி குதிக்காமல் போக வேண்டும். குதித்தால் சம்பங்கி வீட்டைக் காலி செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரில் வந்து சம்பங்கியோடு வாசலில் குந்திக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பீடி பிடித்தார்கள்.

"ஏன் சிரிலண்ணே, பித்தளயேதான் வோணுமா?" என்று அரிவாள்மனையை விட்டு எழாமலே கேட்டாள் கங்கம்மா.

"பித்தளை இல்லாங்காட்டி வேற எதுனா மெது உலோகம். இரும்பு போட்டா கம்பியத் தின்னுடும். செம்பு, வெங்கலம். எல்லாம் மஞ்சளும் செவப்புமாத்தான் கீது. எத்த எடுத்துக்கினு போனாலும் முத்தண்ணா புடிச்சிக்குவாரு."

"கையில போட்டுக்கினு போற மோதரத்த?"

"அத்த எதுக்குப் புடிப்பாரு? அது நகையாச்சே."

கங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு மோதிரத்தைக் கழற்றினாள். விரல் கொஞ்சம் பெருத்திருந்ததால் சோப்பு போட வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் போட்ட ஒரே தங்கம் அது. பஞ்ச காலத்தில்கூட அடகுக்குப் போகாதது.

"பைத்தியமா உனக்கு?" என்றார் சம்பங்கி.

"பித்தளைய எடுத்துக்கினு போனா தங்கம்னு புடிக்கறானுங்க. தங்கத்த எடுத்துக்கினு போ, ஒருத்தனும் கேக்கமாட்டான். எனக்கு மோதரம் இல்லன்னா வெரல் கீது. ஊடு இல்லன்னா நாம எங்கய்யா போறது?"

சம்பங்கிக்கு அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மோதிரத்தை வாங்கித் தன் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டார். பாதி விரலுக்குமேல் இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஷெட்டுக்குள் நுழைகிற கேட்டுக்கு வந்தார். முத்தண்ணா தலைமுடியைத் துழாவினார். செருப்பைத் தட்டினார். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்தார். மத்தியானத்துக்குக் கங்கம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை மஞ்சளாக இருக்கிறதே என்று விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்தார்.

"இன்னா சம்பங்கி, மாப்ள கணக்கா மோதரம் மின்னுது?"

"ஊட்டுக்காரியிதுங்க. ராசிக்குப் போட்டுக்கினு வந்தேன். இன்னிக்கிச் சோதனை."

"நல்லது. போ. எலுமிச்சம்பழச் சோறு இனிமே கொண்டாராதே."

அப்போதுதான் சம்பங்கிக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "சாயங்காலம் வெளிய வர்றப்ப இந்த மோதரம் இல்லன்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

முத்தண்ணா சிரித்தார். "உள்ள பூந்த தங்கம் வெளிய வரலன்னா அது எங்க கேசு இல்லய்யா. வெளிய வந்தாத்தான் கேசு."

சிரில் மோதிரத்தைக் கையில் வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். வெட்டும்போது சம்பங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டி, சுருட்டி, அரத்தால் தேய்த்து, கம்பியும் கதவும் சேருகிற ஓட்டையில் செருகியபோது அது அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. அதன்மேல் சிரில் தாராளமாகக் கிரீஸ் அப்பினார். மஞ்சள் மறைந்தது. உதிர்ந்த அரத்தூளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கேட்டில் அதோடு பிடிபட்டால் என்ன ஆவது என்று சம்பங்கி அதையும் கிரீஸ் டப்பாவிலேயே கொட்டிவிட்டார்.

பத்து மணிக்கு ஆபீசர்கள் ஏறினார்கள். டாக்டர் வந்தார். அசே ஆபீஸ்காரர் வந்தார். முத்தண்ணா வந்தார். குதித்தால் பிடித்துக்கொள்ள நரசிங்க ராவ் இடுப்பில் கயிறு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். சம்பங்கி கியரைப் போட்டார். கண்ணை மூடி ஒரு நொடி கங்கம்மாவை நினைத்துக்கொண்டு, மிதித்தார்.

வண்டி நகர்ந்தது. மிதித்த அளவுக்கு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தார், இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனது. காலை எடுத்தார், அடங்கியது. புது வண்டியாக இருந்தபோதுகூட அது அப்படி ஓடியதில்லை. வளைவுக்குக் கீழே மாவிலைகூட அசையாமல் போனது. மேட்டில் ஏறி, ஊரிகம் ஸ்டேஷனைச் சுற்றி, அதே வளைவுக்குத் திரும்பி வந்து நின்றபோது, டாக்டர் தூங்கிவிட்டிருந்தார்.

சம்பங்கிக்கு அழுகை வந்தது. அதை எல்லோரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பு வாரம் அங்கேயே தொடங்கிவைக்கப்பட்டது. நரசிங்க ராவ் கயிற்றை அவிழ்க்காமலே மைக்கைப் பிடித்தார். "ஒரு ஸ்பேனரைத் தொடாம, ஒரு போல்ட்டைக் கழட்டாம, பானெட்டையே தொறக்காம ஒரு மோட்டார் வண்டிய ரிப்பேர் பண்ணியிருக்கோம். உலகத்துல எங்கேயாவது நடந்திருக்கா? நாங்க வண்டியத் திருத்தல. காலத் திருத்தினோம். ஊசி போட்டோம், எடை போட்டோம், மணி அடிச்சோம். திருந்திடுச்சு. இதே முறையில மத்த ரெண்டு பஸ்ஸையும் சரிபண்ண, இன்னும் ரெண்டு டிரைவருக்கு மனுப் போட்டிருக்கேன்."

பாதுகாப்பான காலுக்குப் பரிசு வழங்கினார்கள். புதிய கறுப்பு பூட்ஸ், பளபளவென்று. வலது காலுக்கு மட்டும். இடது கால் சோதனைக்கு உட்படவில்லை என்பதால் அதற்குச் செலவு செய்ய வழியில்லை என்று விளக்கினார்கள். சம்பங்கி ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக நின்று கும்பிட்டார்.

அடுத்து முத்தண்ணா பேசினார். பேசுவதற்கு ஏதுவாக பஸ்ஸின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, பானெட்டை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பேசினார். "இந்த வருஷம் ஒரு குந்துமணித் தங்கம்கூட என் கேட்டத் தாண்டிப் போகல. போக விடவும் மாட்டேன். புடிச்ச பொருள் ஒண்ணு பெட்டியில பத்திரமா கீது. ராத்திரி பகலா ஆள் போட்டுக் காவல் காக்கறேன்." கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. கிரீஸ் பூசிய கையை யாரும் பார்க்காதபடி சிரில் மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அந்தப் புஷ் இன்றுவரை வெளியே வரவில்லை. அது தங்கம் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. பஸ் மட்டும் தினமும் கேட்டைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் காவலாட்கள் ஏறி சீட்டுக்கு அடியில் பார்ப்பார்கள், டிரைவரின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு இறங்கி, பரிசு வாங்கிய வண்டி என்பதால், ஒரு சல்யூட் அடித்து அனுப்பிவைப்பார்கள். அப்போதெல்லாம் சம்பங்கி காலை மிக மென்மையாகத்தான் வைப்பார். அந்த மென்மையை மற்ற டிரைவர்களுக்குக் காட்டுவதற்காக நரசிங்க ராவ் இரண்டு முறை ஆட்களை அழைத்து வந்தார்.

ஐப்பசியில் பாலகாட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த கிருஷ்ணம்மா, கங்கம்மாவின் வெறும் விரலைப் பார்த்துவிட்டாள். அடகா, தொலைந்ததா, இல்லை சம்பங்கி குடிக்க ஆரம்பித்துவிட்டாரா என்று அவளுக்கு உடனே தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஏண்டி, மோதரம் எங்க?"

கங்கம்மா அப்பளத்தை நொறுக்கினாள். வெளியே கல்யாணக் கும்பலை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்படுகிற சத்தம், ஒரு திக்கல் திணறல் இல்லாமல், சீராகக் கேட்டது.

"எங்க பூடும்? எங்க ஊட்டுக்காரரு காலடியிலதான் கீது" என்றாள்.